நோர்வேயில் மூன்று இரவுகள்

ஐரோப்பாவில் தொழில் புரியும் பிள்ளைகளிடம் கோடையில் போய்வரும் உம்மா, வாப்பாமார் இப்பொழுது நம்மிடையே பலர். "நோர்வே பக்கம் ஒரு சுற்றுப் போவோம்" என்று பிள்ளைகள் ஆசையாகத் திட்டம் போடுவார்கள். அதில் நாளுக்கொரு ஊர் இருக்கும். முழங்கால் நோவுள்ள உம்மாவோ வாகனத்தின் பின்னாசனத்திலிருந்து கண்ணாடி வழியே மலை பார்த்துவிட்டுத் திரும்புவார். ஆகவே, சகோதரிகளே, ஓர் ஊரைத் தெரிவு செய்து மூன்று இரவாவது தங்குங்கள் என்பதே எனது யோசனை.

பனியாறு குடைந்த பள்ளத்தாக்கினுள் கடல் புகுந்தால் அது பியோர்ட். மேற்கு நோர்வேயின் சொங்னெ பியோர்ட் 200 கிலோமீற்றருக்கு மேல் நாட்டுக்குள் நீள்கிறது. அதன் ஆழம் ஓரிடத்தில் 1300 மீற்றரைத் தாண்டும். நீரிலிருந்தே மலை செங்குத்தாக எழுவதால் சமதரை மிகக் குறைவு. படத்தில் அழகாகத் தெரியும் விடுதி, துறையிலிருந்து பெரும் ஏற்றத்தில் இருக்கலாம். பணம் கட்டுமுன் துறை, விடுதி, பலசரக்குக் கடை மூன்றுக்கும் இடையே படியோ ஏற்றமோ உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சொல்லும் பெயர் புளோம். சில நூறு பேர் வாழும் அவ்வூரில் உல்லாசக் கப்பலொன்று வந்து நின்றால் ஆயிரக்கணக்கானோர் இறங்குவர். அங்குள்ள மலைப் புகையிரதம் 20 கிலோமீற்றருக்குள் 860 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. அதைத் தவறவிடாதீர்கள். ஆனால் தங்குவதற்கு வேறிடம் பாருங்கள்.

எனது தெரிவு பாலெஸ்ட்ராண்ட். பேர்கன் நகரிலிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். இறங்கியதும் ஊர். நீரோரமாக வீதி போகிறது, ஒரு பக்கம் பழைய மரவீடுகள், மறுபக்கம் பியோர்ட். களைத்தால் திரும்பிவிடலாம். இவ்வூருக்கு மணமுடித்து வந்த மார்கரெட் என்னும் ஆங்கிலப் பெண்ணின் நினைவாக 1897இல் எழுந்த மரத்தேவாலயம் ஒன்றும் வழியில் உண்டு. அந்நியநாட்டில் வாழ்க்கைப்பட்டவளின் ஞாபகம் என்பதால் அது எனக்குத் தனியாகவே தோன்றுகிறது.

வாசிக்கும் பெண்பிள்ளைகள் கூட வந்தால் வடக்கே பியார்லாண்ட். 1995 முதல் அது 'புத்தக ஊர்'. பழைய தொழுவங்களிலும் படகுக் கொட்டில்களிலும் பழைய நூல்கள் விற்கிறார்கள். கோடை முடிந்தால் மூடிவிடுவார்கள். உண்ட்ரெடாலுக்கு 1988 வரை வாகன வீதியே இல்லை. அங்கு செய்யும் ஆட்டுப்பாற்கட்டியில் ஒருவகை, மோர்த்தெளிவை வற்றக் காய்ச்சுவதால் தொதல் நிறத்தில் இருக்கும்.

இத்தகைய சிற்றூர்களில் ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க வேண்டாம். சமையலறையுள்ள விடுதியானால் மீன் வாங்கி நாமே ஆக்கலாம், மிளகாய்த்தூள் மட்டும் கையோடு போகட்டும். ஜூனில் இரவு பதினொரு மணியளவிலும் வெளிச்சம் இருக்கும், நள்ளிரவிலும் முற்றாக இருட்டாது. இஷா, சுபஹ் நேரங்களைப் புறப்படுமுன் ஒஸ்லோ பள்ளிவாசலொன்றில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழை அடிக்கடி பெய்யும் கரை அது. குடை காற்றுக்கு நில்லாது, தலைமூடியுள்ள மழையங்கியும் வழுக்காத சப்பாத்தும் உம்மாவுக்கு முதலில் வாங்குங்கள்.