நஞ்சுண்ணும் பாக்டீரியா: ஆய்வகத்திலிருந்து வயலுக்கு எத்தனை தூரம்?

உத்தரப் பிரதேசத் தலைநகர் லக்னௌவை ஒட்டியுள்ள பாராபங்கி மாவட்டத்தில் உம்மரி என்றொரு சிற்றூர் உள்ளது. வரைபடத்தில் எளிதில் அகப்படாத இவ்வூரின் பெயர் உலகின் நுண்ணுயிரியல் ஆய்விதழ்களில் பலமுறை இடம்பெற்றிருக்கிறது. லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்தபோது மிஞ்சிய கழிவு இங்குத் திறந்தவெளியில் கொட்டப்பட்டதே இதற்குக் காரணம். 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, கழிவு கிடந்த இடத்தில் ஒரு கிராம் மண்ணில் 450 மில்லிகிராம் நஞ்சு இருந்தது. ஏறத்தாழ பாதி மண், பாதி நஞ்சு. ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது 0.7 மில்லிகிராமாகக் குறைந்திருந்தது. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் விளைநிலங்களும் அடங்கும் என்பதை மறந்துவிடலாகாது.

இத்தகைய மண்ணிலும் உயிர்கள் வாழ்ந்தன என்பதுதான் வியப்பு. வாழ்ந்ததோடு நில்லாமல், அந்த நஞ்சையே உணவாக்கிக் கொள்ளும் பாக்டீரியாக்கள் அங்குப் பெருகியிருந்ததைத் தில்லிப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் பேராசிரியர் ரூப் லால் குழுவினர் கண்டறிந்தனர். பூச்சிக்கொல்லியால் கெட்ட மண்ணைப் பாக்டீரியாக்களைக் கொண்டே சீர்படுத்தலாம் என்ற நம்பிக்கைக்கு நம் நாட்டில் வலுவான அடித்தளம் இட்ட ஆய்வுகளுள் இவை முக்கியமானவை. ஆனால், இந்த நம்பிக்கை உழவரின் வயலை இன்னும் எட்டவில்லை. அதற்கான காரணத்தை அறிவியலில் தேடுவதைவிட அரசு அலுவலகங்களில் தேடுவதே பொருத்தமாக இருக்கும்.

பழைய தலைமுறை உழவர்களுக்கு பி.எச்.சி. தூள் என்றால் தெரியும். ஒரே வேதி வாய்பாடும் வெவ்வேறு அணு அமைப்பும் கொண்ட பல மாற்றியங்களின் கலவை அது. அவற்றுள் காமா என்ற ஒன்றுக்கு மட்டுமே பூச்சியைக் கொல்லும் ஆற்றல் உண்டு. கலவையில் அதன் பங்கு 10 முதல் 15 சதவீதம்தான். அந்தக் காமாவைத் தனியே பிரித்தெடுத்தால் கிடைப்பது லிண்டேன். ஒரு டன் லிண்டேன் எடுத்தால் 8 முதல் 12 டன் வரை பயனற்ற கழிவு மிஞ்சும். பி.எச்.சி. கலவையை இந்தியா 1997-இல் தடை செய்தது. லிண்டேன் உற்பத்திக்கு 2011-லும் பயன்பாட்டுக்கு 2013-லும் தடை வந்தது. தடையாணை புதிய நஞ்சு வருவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே மண்ணில் கிடப்பதை அது ஒன்றும் செய்யாது.

மண்ணில் கிடப்பது மண்ணோடு நின்றுவிடுவதுமில்லை. 2003-இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் புட்டிக் குடிநீரிலும், பின்னர்க் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் லிண்டேனும் இருந்தது. சரத் பவார் தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2004 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில் குளிர்பானங்களில் எச்சம் இருந்ததை ஏற்றுக் கொண்டது. அன்று நாடே புட்டியைப் பற்றி விவாதித்தது. புட்டிக்குள் வந்த நிலத்தடி நீர் எந்த மண்ணின் வழியே இறங்கி வந்தது என்ற கேள்வியை அதே வேகத்தில் யாரும் எழுப்பவில்லை.

பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் பாக்டீரியா என்பது புதிய கண்டுபிடிப்பன்று. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய என்.சேதுநாதனும் ஜப்பானிய விஞ்ஞானி யோஷிடாவும், பூச்சி மருந்து இடப்பட்ட நெல் வயலிலிருந்து டையாசினான், பாரத்தியான் ஆகியவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973-இல் வெளியிட்டனர். ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளிக்கும் நிலத்தில், அதை உண்ணப் பழகிய நுண்ணுயிர்கள் தாமாகவே பெருகுகின்றன. பின்னர் சேதுநாதன் உள்ளிட்ட கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தினர், கரும்பின் வேரை ஒட்டிய மண்ணிலிருந்து எச்.சி.எச். நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பெற்று 1990-இல் அறிவித்தனர். அந்த வழியில் வந்ததே தில்லிக் குழுவினர் விரிவாக ஆராய்ந்த 'ஸ்பிங்கோபியம் இண்டிகம் பி90ஏ'. பெயரிலேயே இந்தியாவைத் தாங்கிய நுண்ணுயிர் இது.

பி90ஏ உருவாக்கும் நொதிகள் நஞ்சின் மூலக்கூறிலுள்ள குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. குளோரின் கழன்றபின் எஞ்சும் கரிமப் பொருளைப் பாக்டீரியா உணவாக்கிக் கொள்கிறது. இதனை வயலுக்குக் கொண்டு செல்ல இந்திய, சுவிஸ் விஞ்ஞானிகள் கையாண்ட முறை எளிமையானது. கரும்பாலைக் கழிவுப்பாகில் பாக்டீரியாவை வளர்த்தார்கள். மக்காச்சோளக் கதிரில் மணிகளை உதிர்த்தபின் மிஞ்சும் தக்கையைப் பொடியாக்கி, அதில் பாக்டீரியாவை ஏற்றி, மண்ணில் கலந்தார்கள். சிறு குழிகளிலும் மாசடைந்த விளைநிலம் ஒன்றிலும் நடத்திய சோதனையில், மாற்றியத்தின் வகைக்கேற்ப 85 முதல் 95 சதவீதம் வரை நஞ்சு சிதைந்தது. 2008-இல் வெளியான முடிவு இது. இதில் மரபணு மாற்றம் ஏதுமில்லை. பருத்தி, கத்தரி விதைகளைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்கு இங்கு இடமே இல்லை.

இருப்பினும் இதே ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தந்தது. மண்ணில் இட்ட பாக்டீரியாவில் எட்டு நாள்களுக்குப் பின் உயிருடன் இருந்தவை அதிக அளவாக 20 சதவீதம். மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களுடன் போட்டியிட்டு வாழ்வது புதிதாக வருபவற்றுக்கு எளிதன்று. ஆகவே ஒருமுறை தூவிவிட்டு ஓய்ந்திருக்க முடியாது. பீட்டா என்ற மாற்றியம் மிகவும் பிடிவாதமானது. பெரும்பாலும் வேறொரு சேர்மமாக உருமாறி நின்றுவிடும். நஞ்சு 'மறைந்தது' என்று கருவி காட்டுவதும் அது முற்றிலும் அழிந்தது என்பதும் ஒன்றல்ல. ஆண்டுக்கணக்கில் களிமண்ணோடு இறுகிப்போன எச்சத்தைப் பாக்டீரியாவால் எளிதில் எட்டவும் முடிவதில்லை. மாய மருந்தாக இதனை விற்க முற்படுவோரிடம் உழவர்கள் விழிப்புடன் இருத்தல் நலம்.

இவை தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. எண்ணெய்க் கசிவை உண்ணும் பாக்டீரியாக் கலவையை டெரி நிறுவனம் தில்லியில் உருவாக்கியது. 'ஆயில் சாப்பர்' என்ற அந்தக் கலவையைப் பரப்ப எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்துடன் கூட்டு நிறுவனமே தோன்றிவிட்டது. எண்ணெய்க் கிணறு இருக்குமிடத்தில் மண் கெட்டால் யார் பொறுப்பு என்பது தெரியும். சீர்படுத்தும் செலவை ஏற்க ஒரு நிறுவனம் இருக்கிறது. வயலில் நிலைமை வேறு. உழவர் தெளித்தது, அரசு அனுமதித்து, வேளாண் துறையே பரிந்துரைத்த மருந்து. அதன் எச்சத்தை நீக்கும் செலவை அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. அவ்வாறு செலவிட்டாலும் விளைச்சல் கூடப்போவதில்லை. மண் தூய்மையானதைக் கண்ணால் காணவும் முடியாது. பிறகு யார் வாங்குவார்?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கான விதிகளை வெளியிட்டது. அபாயகரமான கழிவுகளால் கெட்ட இடங்களை மாவட்ட நிர்வாகம் அடையாளம் காணவும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவும் அவை வழி செய்கின்றன. பொறுப்பாளரால் செலுத்த இயலாதபோது மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்யவும் இடமுண்டு. விதிகள் வந்தபோது நாட்டில் அடையாளம் காணப்பட்டிருந்த இடங்கள் 103. சீரமைப்பு தொடங்கியிருந்தவை ஏழே ஏழு. கணக்கெடுப்புக்கும் விசாரணைக்கும் நாள் குறித்த விதிகள், இடம் உறுதியானபின் அதனை எந்நாளுக்குள் தூய்மைப்படுத்தி முடிக்க வேண்டும் என்பதற்குக் கெடு விதிக்கவில்லை.

உம்மரி போன்ற கழிவுக் கிடங்குகளுக்கு இவ்விதிகள் ஓரளவு துணை நிற்கக்கூடும். பல்லாயிரம் வயல்களில் சிறுகச் சிறுகப் படிந்த எச்சத்துக்கு அவற்றால் பயனில்லை. அங்கு 'மாசுபடுத்தியவர்' என்று சுட்டிக்காட்ட ஒருவருமில்லை. அது இருக்கட்டும், அந்த எச்சம் எவ்வளவு என்றாவது நமக்குத் தெரியுமா? 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் பிரதமர் தொடங்கி வைத்த மண்வள அட்டைத் திட்டத்தில் 12 கூறுகள் சோதிக்கப்படுகின்றன. தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் துத்தநாகம், போரான், கார அமில நிலை வரை எல்லாம் உண்டு. பூச்சிக்கொல்லி எச்சம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. அதனை அளக்கும் கருவிகள் விலை மிக்கவை என்பது உண்மையே. அதற்காக ஒவ்வொரு வயலையும் சோதிக்கச் சொல்லவில்லை. மருந்து மிகுதியாகத் தெளிக்கப்பட்ட வட்டாரங்களில் மாதிரி எடுத்தாலே போதும். எங்குப் பாக்டீரியா தேவை, எங்குத் தேவையில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொரு தடையும் உண்டு. அசோஸ்பைரில்லம், ரைசோபியம் போன்ற உயிர் உரங்களுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் தர அளவு உள்ளது. பூச்சிகளைக் கொல்லும் நுண்ணுயிர்களைப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யலாம். நஞ்சைத் தின்னும் பாக்டீரியா உரமும் அன்று, கொல்லியும் அன்று. பொட்டலத்துக்குள் உயிருடன் எத்தனை உள்ளன என்பதற்கு உறுதி கூறும் அளவுகோலை வகுக்காமல் அதனைக் கடைக்கு விட்டால், உயிர் உரத்தின் பெயரில் வெறும் கரித்தூளை வாங்கி ஏமாந்த உழவர் இன்னொரு முறையும் ஏமாறுவார்.

பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவராமலே செய்யக்கூடியதும் சில உண்டு. நீர் தேங்கிய நெல் வயலில், காற்றில்லா நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் லிண்டேனை விரைவாகச் சிதைப்பது 1966-லேயே பிலிப்பைன்ஸில் மெய்ப்பிக்கப்பட்டது. தொழு உரமும் போதிய ஈரமும் தந்து, மண்ணில் உள்ள பாக்டீரியாக்களையே தூண்டிவிடுவது மற்றொரு முறை. செலவும் குறைவு. வேளாண் அறிவியல் நிலையங்கள் வட்டாரத்துக்கு ஒரு சோதனை வயல் அமைத்து, இரண்டு முறைகளையும் அருகருகே இட்டு அளந்து காட்டலாம்.

அதற்கு முதலில் யார் ஆணையிடுவது என்பதைத் தில்லி முடிவு செய்ய வேண்டும். மாசடைந்த இடம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துடையது. வயலும் மண்வள அட்டையும் வேளாண் அமைச்சகத்துடையவை. பாக்டீரியா ஆய்வு உயிரித் தொழில்நுட்பத் துறையின் பொறுப்பு. உணவில் எச்சம் கண்டால் அது சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கவலை. 2008-இன் சோதனை வயலுக்குப் பிறகு அடுத்த வயல் எது என்ற கேள்விக்குரிய கோப்பு, இந்த நான்கு இடங்களில் எதன் மேசையிலும் தனக்கென ஓர் இடம் பெற்றதாகத் தெரியவில்லை.