கோழித் தொழில் முதலாளிகள் வாங்கிய உதைபந்தாட்டக் கழகம்

வியாபாரப் பக்கத்தில் உதைபந்தாட்டம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இது விளையாட்டுச் செய்தியல்ல. பழகிய தொழிலில் கொடி கட்டிப் பறந்தவர்கள் பழகாத தொழிலில் கை வைத்த கதை.

கோழித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தியாவின் வெங்கீஸ் என்ற பெயர் புதிதல்ல. 1971இல் பி.வி. ராவ் ஆரம்பித்த குஞ்சு பொரிக்கும் தொழில் பெரும் குழுமமாக வளர்ந்தது. அவருடைய பிள்ளைகள் 2010 நவம்பரில் இங்கிலாந்தின் பிளக்பேர்ன் றோவர்ஸ் கழகத்தை 23 மில்லியன் பவுண் கொடுத்து வாங்கினார்கள். கழகத்தின் கடனும் கூடவே வந்தது. 1995இல் பிரிமியர் லீக் சம்பியனாக இருந்த கழகம் அது.

வாங்கி ஒரு மாதம் முடியவில்லை, அனுபவசாலியான முகாமையாளர் சாம் அலர்டைஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது 20 அணிகளில் 13ஆம் இடம். அப்படியொன்றும் மோசமான நிலையல்ல. உதவிக்கு நின்ற ஸ்டீவ் கீனிடம் பொறுப்புப் போனது. 2012 மே மாதம் அணி தரமிறங்கியது. அந்த நேரத்தில் ரசிகர்கள் கழகக் கொடியைப் போர்த்தி ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள். முதலாளிமாருக்குச் சொன்ன சேதிதான் அது!

அடுத்து வந்த ஹென்னிங் பேர்க் இருந்தது 57 நாட்கள். அவருக்குப் பின் வந்த மைக்கல் அப்பிள்டன் 67 நாட்கள். பேர்க்கை நிறுத்தியதும் மீதி ஒப்பந்தக் காலத்துக்குரிய நட்டஈட்டுப் பிரச்சினை வந்தது. ஒப்பந்தம் செய்த அதிகாரிக்கு அப்படி எழுத அதிகாரம் இருக்கவில்லை என்று கழகம் வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2.25 மில்லியன் பவுண் கட்ட நேர்ந்தது. கடையில் இருப்பவர் போடும் கையொப்பம் முதலாளியையும் கட்டுப்படுத்தும் என்பதை நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்?

2017 மே மாதம் கோல் வித்தியாசத்தில் மூன்றாம் தரத்துக்கும் விழுந்தார்கள். பிரிமியர் லீக் சம்பியனாக இருந்த கழகமொன்று அவ்வளவு கீழே போனது அதுவே முதற் தடவை.

இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டிய காரியம் நடந்தது. அந்தப் பெப்ரவரியில் வந்திருந்த டொனி மௌப்ரேயை அவர்கள் நீக்கவில்லை. பழைய பழக்கப்படி என்றால் அன்று மாலையே கடிதம் போயிருக்கும். புதிய பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. அப்போதும் பொறுத்தார்கள். 46 ஆட்டங்களில் மொத்தம் 6 தோல்வி மட்டுமே, 96 புள்ளிகள், விகனுக்கு அடுத்த இடம். 2018 ஏப்ரல் 24இல் டொன்காஸ்டரில் வென்று மேலே ஏறினார்கள். ஓகஸ்டில் அவர்களைத் தோற்கடித்த அதே டொன்காஸ்டர்.

தெரியாத தொழிலில் இறங்கியதே பிழை என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தெரிந்தவரை முதல் மாதமே அனுப்பியதுதான் பிழை. நம்மூர்களிலும் ஓடுகின்ற கடையொன்றை வாங்கினால் முதல் வேலையாகப் பழைய மனேஜரை நிறுத்திவிட்டு மருமகனை லாச்சியில் உட்கார வைக்கிறோம். எந்த வாடிக்கையாளர் எப்போது காசு தருவார், எவருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த மனேஜரோடு போய்விடுகின்றன. கடை விலையில் பாதி அந்த மனிதருக்குக் கொடுத்த விலை என்பது பிறகுதான் விளங்கும்.

பிளக்பேர்ன் நகரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முஸ்லிம்கள். 2022 மே மாதம் அக்கழகத்தின் மைதானத்தில் பெருநாள் தொழுகை நடந்தது. இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்களில் அதுவே முதலாவது. ஊரோடு கோபத்திலிருந்த ஒரு நிறுவனத்துக்கு அது சிறிய விடயமல்ல.

ஆனால் மேலே ஏறியதை இலாபம் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குப் பிறகும் கழகம் முதலாளிகளின் பணத்திலேயே நின்றது. 2023இல் இந்தியாவில் நடந்த ஒரு விசாரணை காரணமாக, அந்தப் பணத்தை அனுப்புவதற்கே அவர்கள் டில்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.