பள்ளிக்கூட வாசலில் ஒரு சண்டை

கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் சின்ன வகுப்புக் குழந்தைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதிதான். அன்று பேத்தியைக் கொண்டுவிடப் போயிருந்தேன். வாசலிலேயே சண்டை!

“சினிமாக் கொட்டகையைத் திறந்தாங்க, பள்ளிக்கூடத்தை மட்டும் பூட்டியே வெச்சாங்களே! என் பையனுக்கு ‘அ’னா ‘ஆ’வன்னாவே மறந்து போச்சு” என்று பொரிந்தாள் ஒருத்தி.

“உங்களுக்கென்ன? எங்க வீட்ல ஆஸ்துமாக்கார மாமியார் இருக்காங்க. இவன் எதையாவது ஒட்டிக்கிட்டு வந்தா யார் பதில் சொல்றது?” என்றாள் மற்றவள்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே!

“பெஞ்சையெல்லாம் மருந்து போட்டுத் துடைச்சாச்சும்மா” என்றார் ஆசிரியை. ஆனால் வகுப்பு ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. இந்த நோய் முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்றில்தான். பெஞ்சைத் துடைப்பதைவிட ஜன்னலைத் திறப்பதல்லவா அவசியம்? மூவருமாகப் போய்ச் சொன்னோம். முகம் சுளிக்காமல் திறந்துவிட்டார்கள்.

சரி, நம் பக்கம் எப்படி? காலையில் உடம்பு சுடும். “பரீட்சை இருக்கே” என்று ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். நானே என் பிள்ளைகளை அப்படி அனுப்பியவள்தான். மாத்திரை சூட்டைத் தணிக்கும், தொற்றைத் தடுக்காது. ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதே கதைதான்.

பள்ளியைப் பூட்டுவதும் திறப்பதும் சர்க்கார் கையில். காய்ச்சல்காரக் குழந்தையை வீட்டில் நிறுத்துவது நம் கையில் இல்லையா?