மாலத்தீவு மணலும் எங்க வைகை மணலும்

சென்னையில ஐ.டி. வேலை பார்க்கிற என் அக்கா மகன், போன ஆடி மாசம் மாலத்தீவுக்குப் போய்ட்டு வந்தான். வந்ததுலேர்ந்து ஒரே புலம்பல். "மாமா, படத்துல ரூம் வாசல்லயே வெள்ளை மணல் கிடந்துச்சு. நேர்ல போனா வாசப்படி வரைக்கும் தண்ணி. நல்லா ஏமாத்திட்டாங்க."

"தீவோட அந்தப் பக்கம் போய்ப் பார்த்தியாடா?"ன்னு கேட்டேன். கிழக்கால அகலமா மணல் கிடந்துச்சாம். இவன் ரூம் மேற்குப் பக்கமாம்.

ஏமாத்தினது ரிசார்ட் இல்ல, காத்து. அங்க தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிற மாசங்கள்ல அலை மேற்குக் கரை மணலைக் கிழக்கே தள்ளிட்டுப் போயிரும். மார்கழிக்கு மேல காத்து திரும்பும்போது அந்த மணலும் திரும்பி வரும். பவளப்பாறை உடைஞ்ச தூளும், கிளிமூக்கு மாதிரி வாய் உள்ள மீனுங்க பாறையைக் கரம்பித் தின்னுட்டுக் கழிக்கிற துகளும்தான் அந்த வெள்ளை மணல். படம் எடுத்தவன் தை மாசம் எடுத்திருப்பான், அம்புட்டுதான்.

நடக்கிற மணலை நிப்பாட்டப் போனாத்தான் வம்பு. நம்ம கிழக்குக் கரையில வருஷக் கணக்குல பார்த்தா மணல் தெக்கேயிருந்து வடக்கே போகும். 1870கள்ல சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. கடலுக்குள்ள நீட்டின சுவர் மணலை மறிச்சிருச்சு. தெக்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைஞ்சு இன்னைக்குப் பாறாங்கல்லாக் கிடக்கு. மெரினாவுல சுண்டல் சாப்பிடுற நீங்க ஒரு நாள் அங்கயும் போய்ப் பாருங்க.

இதைவிட மோசம், மணல் பிறக்கிற இடத்துலயே கை வைக்கிறது. மதுரையிலேர்ந்து மூணு மணி நேரத் தூரத்துல மன்னார் வளைகுடா. அங்க இருந்த 21 தீவுல விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ரெண்டும் முழுகிப்போச்சு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். இந்த மணல் எந்தக் காத்துக்கும் திரும்பாது.

எங்க வைகையும் அந்தக் கதைதான். சின்ன வயசுல ஆத்துக்குள்ள கையாலயே ஊத்துத் தோண்டுவோம், முழங்கை ஆழத்துல தண்ணி ஊறும். இப்ப அதே இடத்துல களிமண்ணும் சீமைக்கருவேலமும்தான். மேலேயிருந்து வெள்ளத்துல வரவேண்டிய மணலை 1959ல கட்டின அணை பிடிச்சு வச்சுக்கிருச்சு. கீழே இருந்ததை லாரி அள்ளிருச்சு. அணையைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல, என் வயலே அந்தத் தண்ணியிலதான் விளையுது. லாரியைத் திட்டுறதுக்கும் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. 1996ல நான் போட்ட மாடி வீட்டுக் கான்கிரீட் ஆத்து மணல்தான். ஆனாலும் சொல்லத்தான் செய்யணும்: கடல் எடுத்துட்டுப் போன மணலுக்காக அழுகிறவங்க, நாம எடுத்த மணலைப் பத்தி வாயே திறக்கிறதில்ல. இப்ப மாட்டுக்கொட்டாயை எம்-சாண்ட் வாங்கித்தான் கட்டிக்கிட்டிருக்கேன்.

மருமகன் தை மாசம் மறுபடியும் போகணுங்கிறான். அதே ரூமைக் கேளுடான்னு சொல்லியிருக்கேன்.