காகிதத்தில் கட்டி முடியாத வீடு

தமிழ்நாட்டில் எந்த ஊரின் புறத்தேயுள்ள மனைப்பிரிவில் நடந்து பார்த்தாலும், தளம் போட்டு முடிந்தும் பூச்சுக் காணாத சுவர்களும், மாடி எழும்பும் என்ற நம்பிக்கையில் தலை நீட்டி நின்று மழையில் துருவேறிய தூண்கம்பிகளும், சன்னலுக்குக் கதவில்லாமல் சிமெண்டுச் சாக்கைக் கட்டி மறைத்துவிட்டு உள்ளே குடித்தனம் நடத்துகிற குடும்பங்களும் இல்லாத தெரு அபூர்வம். அந்த வீடுகளின் சொந்தக்காரர்களை விசாரித்தால், ஒருவர் தவறாமல் சொல்லும் காரணம் விலைவாசி. ஆரம்பித்தபோது விற்ற விலை வேறு, இப்போது விற்கிற விலை வேறு என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அது விஷயத்தில் ஒரு சிறு பங்கே என்பதும், பெரும்பங்கு கட்டுகிறவர் வேலை நடுவே செய்கிற மாற்றங்களில் இருக்கிறது என்பதும், அதைத் தடுப்பது சாமானியக் குடும்பஸ்தரின் சக்திக்கு உட்பட்டதே என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

விலையேற்றத்தை முதலில் நியாயமாக மதிப்பிட்டுவிடுவோம். சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கக் காத்திருந்த காலத்தை முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கட்டுப்பாடு 1982-இல் ஓரளவும் 1989-இல் முற்றிலுமாகவும் நீங்கிய பிறகு பொருள் தாராளமாகக் கிடைக்கலாயிற்று, விலையோ சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உக்ரைன் யுத்தத்தை ஒட்டிக் கம்பி விலை ஏறிய வேகத்தைக் கண்டு, மத்திய அரசே அவ்வாண்டு மே மாதத்தில் எஃகு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்து, நவம்பரில் அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ஆற்றுமணல் எட்டாக் கனியாகிவிட, அதன் இடத்துக்கு வந்த எம்-சாண்டும், உடன் வேண்டிய ஜல்லியும் கிரஷர்களை நம்பி நிற்கின்றன. கனிமம் உள்ள நிலங்களின் மீதான புதிய வரியை எதிர்த்து 2025 ஏப்ரலில் கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பாதிச் சுவரோடு நின்றவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமிருக்கவில்லை. கூலியும் ஏறியிருக்கிறது, அது ஏற வேண்டியதே.

ஆயினும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 400 மூட்டைச் சிமெண்டும் 4 டன் கம்பியும் வேண்டும் என்பது மேஸ்திரிகள் வாய்க்கணக்காகச் சொல்லும் பிரமாணம். வேலை தொடங்கிய மறுநாளே மூட்டைக்கு 40 ரூபாய் ஏறி அப்படியே நின்றுவிட்டாலும், அதனால் வரும் அதிகச் செலவு 16,000 ரூபாய். கம்பி கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் 40,000. இரண்டும் சேர்ந்து 56,000. இதே வீட்டில், அஸ்திவாரம் போட்ட பிறகு, வருகிறவர் போகிறவர் தங்க ஓர் அறை இருக்கட்டும் என்று பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறையைச் சேர்த்தால், சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3 லட்சம். தரைக்குச் சதுர அடி 50 ரூபாய் டைல்ஸ் என்று எழுதிவைத்துவிட்டு, கடைக்குப் போன இடத்தில் 90 ரூபாய் டைல்ஸின் மேல் மனம் போய்விட்டால், அங்கே 40,000. சிமெண்டு மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350 ரூபாய் மூட்டையில் அந்தக் குறைப்பு முழுவதும் வாங்குகிறவர் கைக்கே வந்து சேர்ந்தாலும் மூட்டைக்குச் சுமார் 27 ரூபாய், 400 மூட்டைக்கு 11,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வரவேற்க வேண்டிய சகாயந்தான். ஆனால் டைல்ஸ் கடையில் கால்மணி நேர சபலம் அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

ஆகவே செலவு கைமீறுவதன் மூலகாரணம், வீட்டைக் காகிதத்தில் கட்டி முடிக்காமலே மண்ணில் கட்டத் தொடங்கிவிடுகிற நம் வழக்கம். அனுமதிக்காக ஒரு வரைபடம் போடுகிறோம். அது ஆபீசுக்கான வரைபடமேயன்றி வீட்டுக்கான வரைபடமன்று. பீரோ எங்கே நிற்கும், கட்டில் எந்தப் பக்கம் தலைவைத்துப் போடப்படும், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, சமையல் மேடை எந்த உயரம், சுவிட்சுப் பெட்டி எங்கே, குழாய் எங்கே என்பனவெல்லாம் சாரத்தின் மேல் நிற்கிற கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போதுதான் யோசிக்கப்படுகின்றன. அப்படி யோசிக்கப்படுகிற ஒவ்வொன்றுக்கும் நாட்கூலி ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையேயுள்ள சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்க்க வந்த மைத்துனர் கூடம் ஒடுக்கமாக இருக்கிறது என்கிறார். திங்கட்கிழமை காலையில் சுவரை இரண்டடி தள்ளிக் கட்டச் சொல்லி உத்தரவாகிறது. இது எத்தனையோ வீடுகளில் நடக்கிற காரியம். உடைக்க ஒரு நாள், மறுபடி எழுப்ப இரண்டு நாள் என்று கூலி மட்டும் கணக்கில் வருகிறது. உடைத்த செங்கல்லில் பாதி தேறாது; இடிபாட்டை அள்ளிப்போக டிராக்டர் நடைக்குத் தனியே கொடுக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, சுவர் நகர்ந்ததே தவிர அதன் அஸ்திவாரம் பழைய இடத்திலேயே இருக்கிறது, ஆதலால் புதுச் சுவரைத் தாங்க அடியில் ஒரு பீம் போட்டாக வேண்டும், அதற்குக் கம்பியும் காங்கிரீட்டும் சென்ட்ரிங்கும் வேண்டும். "வானம் தோண்டுறப்பவே சொல்லியிருந்தீங்கன்னா ஒத்தப் பைசா செலவில்லை சார்" என்று மேஸ்திரி சொல்வார். அவர் சொல்வது முற்றிலும் சரி. வானம் தோண்டுவதற்கு முன் வெறும் மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளைக் கோடு போட்டு, வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் அதனுள் நின்று நடந்து பார்த்து, வாஸ்து பார்க்கிறவர்கள் அதையும் அப்போதே பார்த்துத் தீர்த்துக்கொண்டு, பிறகு பொறியாளரை வைத்துக் கடைசி ஆணிவரை அளவும் விலையும் எழுதிய மதிப்பீடு ஒன்றைத் தயாரித்துக்கொண்டால், அதற்குத் தருகிற கட்டணம் ஒரு சுவரை இடித்துக் கட்டுகிற செலவில் அடங்கிவிடக்கூடியது. பொறியாளருக்குக் கொடுப்பதை வீண் செலவென்று நினைக்கிற நாம், அவர் இல்லாமையால் ஆகிற செலவைச் செலவாகவே எண்ணுவதில்லை.

இதற்கு அடுத்த கண்ணி, 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று வாய்ப்பேச்சாகவோ அரைத்தாளிலோ முடிந்துவிடுகிற ஒப்பந்தம். போர்வெல், சம்ப், செப்டிக் டேங்க், மனையை ரோடு மட்டத்துக்கு மண்ணடித்து உயர்த்துவது, சுற்றுச்சுவர், கேட், கிரில், அலமாரி, மின்இணைப்புக் கட்டணம் இவை அந்தத் தொகைக்குள் அடக்கமா, புறம்பா என்று எழுதப்படுவதில்லை. பால்கனியும் படிக்கட்டின் மேலறையும் முழு அளவா, பாதி அளவா என்பதும் எழுதப்படுவதில்லை. தளம் போட்டு முடிந்து, பணம் முக்கால்வாசி கைமாறிய பிறகு, இவை ஒவ்வொன்றும் 'எக்ஸ்ட்ரா' என்ற பெயரில் வந்து நிற்கின்றன. ஒப்பந்ததாரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை; எழுதாத விஷயத்தில் இரு தரப்பும் தத்தமக்கு அனுகூலமாக எண்ணிக்கொள்வது மனித சுபாவம்.

பொருளைத் தாமே வாங்கித் தருகிறவர்கள் இறக்குகிற இடத்தில் அளந்து பார்க்க இரண்டு எளிய கணக்குகள் போதும். 12 மில்லிமீட்டர்க் கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10 கிலோ 660 கிராம் இருக்க வேண்டும். எண்ணிப் பெருக்கினால் எடைச்சீட்டு சரியா என்று தெரிந்துவிடும். டிப்பர் லாரியின் தொட்டியில் எம்-சாண்ட் நிற்கிற நீள அகல உயரங்களை அடிக்கணக்கில் பெருக்கி நூறால் வகுத்தால் அதுவே யூனிட். டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

கடனின் விஷயம் இன்னும் கடுமையானது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையுள்ள வீட்டுக்கடனில் வீட்டின் மதிப்பில் 90 சதவீதமும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும்தான் வங்கி கொடுக்கலாம். மிச்சத்தைக் கட்டுகிறவர் தம் கையிலிருந்து போட வேண்டும். அந்தக் கைப்பணம் பெரும்பாலும் மனை வாங்கியதிலும் அஸ்திவாரத்திலுமே கரைந்துவிடுகிறது. வங்கிப் பணமோ வேலை இந்த மட்டத்துக்கு வந்தது என்று சான்று காட்டிய பிறகு தவணை தவணையாக வருவது. மதிப்பீடு உயர்ந்தால் கடனும் தானாக உயர்வதில்லை. சனிக்கிழமை மாலையில் கூலியை எதிர்பார்த்து ஆட்கள் நிற்க, அடுத்த தவணை வர இன்னும் சில வாரமாகும் என்ற நிலையில், மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. இருக்கிற வாடகை வீட்டுக்கு வாடகை, எடுத்த கடனுக்கு வட்டி, அடகுக்கு வட்டி என்று மூன்று பக்கமும் இழுக்க, மதிப்பீட்டை ஐந்து லட்சம் தாண்டிவிட்டவர், தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று, அதுவரை வேண்டாமென்று ஒதுக்கியிருந்த தேக்குநிலையையும் சீலிங் வேலைப்பாட்டையும் அப்போதுதான் ஒப்புக்கொள்கிறார். நான் மிகவும் அஞ்சுகிற கட்டம் இது. வெள்ளம் தலைக்கு மேல் போன பின்னரும் சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம்தான் பிள்ளையின் காலேஜ் சம்பளம்.

இந்த நிலைக்கு வந்துவிட்டவர்கள் செய்யத்தக்கது, கௌரவம் பாராமல் வேலையை ஒரு பத்திரமான மட்டத்தில் நிறுத்துவது. எங்கே நிறுத்துவது என்பதில் விவேகம் வேண்டும். தளம் போடாத சுவரோடு மழைக்காலத்தை எதிர்கொள்ளலாகாது. கீழ்த்தளத்தை மூடி, மொட்டைமாடியில் நீர் இறங்காதபடி தட்டோடு பதித்து, மின்குழாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் சுவருக்குள் முடித்துவிட்டு, வெளியே நீட்டி நிற்கும் கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசி வைத்தால், மீதியை ஆண்டுக்கணக்கில் நிதானமாகச் செய்துகொள்ளலாம். மாடி, வெளிப்பூச்சின் அலங்காரம், அலமாரிக் கதவுகள், சுற்றுச்சுவர், உயர்ந்த டைல்ஸ் எல்லாம் காத்திருக்கும். அஸ்திவாரமும் கம்பியும் காங்கிரீட்டின் கலவை விகிதமும் காத்திருக்கமாட்டா. அவற்றில் குறைத்த பணத்தைப் பிற்பாடு எவ்வளவு செலவிட்டாலும் திரும்பப் போட முடியாது. பலர் சிக்கனம் என்று நினைத்து முதலில் கைவிடுவது, கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைக்கிற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளாவது தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டும் என்ற இந்தியத் தரநிர்ணய விதியைத்தான். வீட்டின் ஆயுளைக் கூட்டுவதில் இவ்வளவு மலிவான காரியம் வேறொன்று இல்லை.

கூலியில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவேன். வெயிலில் ஜல்லிச்சட்டி சுமக்கிற சித்தாளுக்கு இருபது ரூபாய் குறைத்து ஒரு வீட்டை மிச்சப்படுத்தியவர் எவருமில்லை. கூலி பாக்கி விழுந்தால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்; நின்றுபோன வேலைக்கு வட்டி நிற்காது. கட்டுகிறவரின் ஸ்தானத்திலிருந்து பார்த்தாலும் சனிக்கிழமைக் கூலியை வாரந்தவறாமல் கொடுப்பதே லாபம்.

குறைந்த செலவில் கட்டுவதற்கு நம் அண்டையிலேயே ஓர் ஆசான் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தை இருப்பிடமாக்கிக்கொண்ட லாரி பேக்கர், செங்கல்லைக் கிடைமட்டமாக வைக்காமல் நிறுத்திவைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டினால் செங்கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தார். தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு இடையே பயனற்றுக் கிடக்கும் காங்கிரீட்டுக்குப் பதில் பழைய ஓடுகளை வைத்து நிரப்பினார். பூச்சே இல்லாத சுவரை அழகென்று கண்டார். திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள் அதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் இம்முறை பரவாததற்குக் காரணம், நல்ல செங்கல் தட்டுப்பாடும் கொத்தனார்களுக்குப் பழக்கமின்மையும் ஒருபுறமிருக்க, பூச்சில்லாத வீட்டை முடியாத வீடென்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயமே பெரும்பாலும். பணமில்லாமையால் பூசாமல் நிற்கிற வீடுகள் இத்தனை இருக்கிற ஊரில், விரும்பிப் பூசாமல் விடுகிற துணிவு மட்டும் வரவில்லை.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் விற்பனைக்காகக் கட்டுவோரைப் பற்றியது. தம் மனையில் தமக்கென்று வீடு கட்டுகிறவருக்கும் அவருடைய ஒப்பந்ததாரருக்கும் இடையிலுள்ள உறவை அது தொடுவதில்லை. நுகர்வோர் சட்டத்தில் வீடு கட்டித் தருவது ஒரு சேவை என்று 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே சேர்க்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது நிலைத்திருக்கிறது. ஆனால் எழுத்துமூலமான ஒப்பந்தமில்லாமல் நுகர்வோர் ஆணையத்தின் வாசலுக்குப் போகிறவர் எதைக் காட்டி வழக்காடுவார்? 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிறவருக்குச் சுயசான்றிதழின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல சீர்திருத்தம், எனினும் அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில் திட்டத்தை மறுபடி யோசிக்கச் சிலருக்காவது கிடைத்த அவகாசமும் அதனோடு போய்விட்டது. அந்த அனுமதியை இணையத்தில் வழங்குகிற அதே கையால், தெளிந்த தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தையும் அரசு வழங்கலாம். எது அடக்கம், எது புறம்பு, எந்த மட்டத்துக்கு எவ்வளவு பணம், பொருள் விலை ஏறினால் அந்த ஏற்றத்தை யார் எந்த விகிதத்தில் தாங்குவது, வேலை நடுவே மாற்றம் வேண்டினால் அதன் செலவை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே கை வைப்பது என்ற இவ்வளவும் நான்கு பக்கத்தில் அடங்கும். பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் தன் வேலைகளுக்காக நிர்ணயிக்கிற விலைப்பட்டியலில் வீடு கட்டுவோருக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுத்து அந்தப் படிவத்தின் பின்னால் சேர்த்துவிட்டால், மேஸ்திரி சொல்கிற விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் ஆதாரம் கிடைக்கும்.