ஓலைக்கு விலை பேசுவோர்

கோலாலம்பூர்க் கைவினைச் சந்தைகளில் மெங்குவாங் பையொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர் முதலில் கேட்பது, "வெறும் ஓலைதானே, இதற்கு இவ்வளவா?" என்பதே. பேரங்காடியில் நெகிழிப் பெட்டிக்கு, விலைச்சீட்டில் கண்டதை மறுபேச்சின்றி நீட்டுபவரும் அவரே.

அந்த ஓலை எங்கிருந்து வருகிறது? கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு பிரித்து வைத்திருக்கும் கேரித் தீவில் மா மெரி மக்கள் வாழ்கின்றனர். தீபகற்ப மலேசியப் பூர்வகுடியினரை அரசு வகுத்துள்ள 18 பிரிவுகளுள் அவர்கள் ஒரு பிரிவினர். அவர்தம் ஆடவர் செதுக்கும் மரமுகமூடிகளைப் புகழாத சுற்றுலா நூல் இல்லை எனலாம். பெண்டிர் பின்னும் பாய்க்கும் பைக்கும் அப்புகழில் கிடைத்த பங்கு சிறிதே. சுங்கை பும்புன் சிற்றூர்ப் பெண்கள் 'தொம்போக் தொப்போ' என்ற பெயரில் பின்னற்குழுவாக ஒன்றுகூடி உழைப்பதன் அருமை இங்கேதான் விளங்கும்.

மெங்குவாங் தாழை இனத்தைச் சேர்ந்தது. நெய்தல் திணையைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்குத் தாழை புதிதன்று. அதன் மடலோரத்து முள்ளும் புதிதன்று. அம்மடலை வெட்டிச் சுமந்து வந்து, முள்ளையும் நடுநரம்பையும் நீக்கி, அனலில் வாட்டி, கீற்றாகக் கிழித்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திச் சாயமேற்றிய பின்னரே பின்னல் தொடங்கும். மழை பிடித்துக்கொண்டால் உலர்த்தும் வேலை நின்றுவிடும். வெறும் ஓலை என்பவர் இவற்றுள் எந்த நாளைக் கணக்கில் சேர்த்தார்?

குழு எதற்கு, வணிகர் வந்து வாங்கிப் போனால் போதாதா என்று வாதிடுவோரும் உளர். தனியொருத்தி, வீட்டு வாசலில் நிற்கும் வணிகர் சொன்ன விலைக்குத் தலையசைப்பாள். அன்றைய அரிசிக்கு அவளுக்குப் பணம் வேண்டும். பலர் சேர்ந்திருந்தால் ஒருத்தி பெற்ற விலை மற்றவளுக்குத் தெரியும். கட்டாது என்று மறுக்கவும் துணிவு பிறக்கும். பூர்வகுடியினர் கைவினைகளுக்காகத் தன்னார்வலர் நடத்திவந்த 'கெராய் ஓஏ' கடை, விற்ற பணம் முழுவதையும் செய்தவர்க்கே சேர்ப்பதைக் கொள்கையாகக் கொண்டது. இதனை அறச்செயல் என்று பாராட்டுவது பிழை. உழைத்தவர்க்கு உழைப்பின் விலையைக் கொடுப்பது எப்போது தருமமாயிற்று?

விலை கிடைத்தாலும் மடல் வேண்டும். மடலுக்கு மண் வேண்டும். கேரித் தீவின் பெரும்பகுதி இன்று செம்பனைத் தோட்டம். டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் வாழ்ந்த தெமுவான் மக்களின் நிலம் 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. அவர்கள் வழக்காடினர், 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்நில உரிமையை ஏற்றன. ஓலையைப் பற்றிப் பேசுவோர் இவ்வழக்கையும் படித்தல் நன்று.

கேரித் தீவுத் தோட்டங்களில் தமிழரும் தலைமுறைகளாக வியர்வை சிந்தினர். ஆயினும் பக்கத்தில் வாழ்ந்தவர்க்குத் தமிழர் வாயில் வழங்கிய பெயர்கள் 'காட்டுவாசி', 'சக்காய்'. மா மெரி என்பதற்கு அவர்கள் மொழியிலும் காட்டு மக்கள் என்றே பொருள். அவர்கள் தம்மைக் கூறிக்கொள்ளும் பெயர், பிறர் நாவில் வசையாயிற்று. பால்மரக் காட்டில் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிய பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள், இன்னொரு பெண்ணின் கூலியைக் குறைக்கப் பேரம் பேசுவது எவ்வகை நீதி?

நெய்தல் பாடம் நடத்தும் ஆசிரியர் அடுத்த முறை கேரித் தீவுப் பையொன்றை வகுப்பிற்குக் கொண்டுவரட்டும். கேட்ட விலையைக் கொடுத்தே வாங்கட்டும்.