பயோவா? பயோமெடிக்கலா?

குப்பனூர் மாதிரி மலையடிவார ஊரில் ப்ளஸ் டூ முடித்த பையனுக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "பயோன்னு பேர் இருக்கிற ஏதாவது ஒண்ணுல சேர்ந்துடு." சிக்கலே இங்கேதான்.

பயோமெடிக்கல் பாதிக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ். ஈ.சி.ஜி., வென்டிலேட்டர், ஸ்கேன் மெஷின்களுக்குள் இருக்கும் சர்க்யூட்டும் சிக்னலும்தான் பாடம். பயோ இன்ஜினியரிங்கில் செல், திசு, நொதி, கூடவே நிறைய வேதியியல். பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலின் தயாரித்தது (1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது) பயோ இன்ஜினியரிங். அதை அளந்து உடம்புக்குள் செலுத்தும் பம்ப், பயோமெடிக்கல்.

இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டுப் பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் மார்க் கணக்கிலேயே இல்லை!

எனவே பெயரைப் பார்த்து ஏமாறாமல் நான்கு வருடப் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். சர்க்யூட் என்றாலே தூக்கம் வருகிறவர் பயோமெடிக்கல் பக்கம் போகவேண்டாம். வேதியியல் கசப்பவருக்கு பயோ இன்ஜினியரிங் சரிப்படாது. டாக்டராக முடியாத வருத்தத்துக்கு ஆறுதலாக எடுக்கிற படிப்புகள் அல்ல இவை. கல்விக்கடனை அப்பா தலையில் ஏற்றும் முன்னால் இதை யோசிப்பது நல்லது.